வெளிப் பைப்: தண்ணீர் வரவில்லை, சொட்டுகிறது, பேஸ்மென்ட் நனைகிறது என்றால் எங்கே பார்ப்பது

ரொறன்ரோவில் வெளிப் பைப், அதாவது ஹோஸ் மாட்ட வீட்டு வெளிச்சுவரில் இருக்கிற தண்ணீர்ப் பைப், வெடிப்பது ஜனவரியில். அது நமக்குத் தெரியவருவது மே மாதத்தில், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடப் பைப்பைத் திறக்கும்போது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் உறவினர், நண்பர் வீடுகளில் பல வருஷமாக இந்த ஒரே வேலைக்குத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். நான் பிளம்பர் இல்லை. கையால் செய்துபார்த்தது, பிளம்பர் பக்கத்தில் நின்று பார்த்தது, இரண்டையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உள் வால்வு. வெளிப் பைப்புக்கு நேரே உட்பக்கம், பேஸ்மென்ட் சீலிங்கில் ஒரு வால்வு இருக்கும். பக்கவாட்டில் பட்டாணி அளவில் ஒரு சின்ன மூடி இருந்தால், மிச்சத் தண்ணீரை வடிக்க வைத்தது அது. சீலிங்கை அடைத்துக் கட்டிய வீடுகளில் வால்வு ட்ரைவோலுக்கு (சீலிங்கையும் சுவரையும் அடைக்கிற ஜிப்சம் பலகை) பின்னால் மறைந்திருக்கும். மெயின் வால்வு வேறு. அது தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் பைப் எந்த வகை? கைப்பிடி சுவருக்கு நேராக, உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்து, பூட்டிய பிறகும் சில விநாடி தண்ணீர் வடிந்தால் அநேகமாக அது உறையாத வகை. அதில் தண்ணீரை நிறுத்துகிற இடம் சுவருக்குள் 8, 10, 12 அங்குலம் தள்ளி, சூடான பக்கத்தில் இருக்கும். கைப்பிடி சரிவாக மேல்நோக்கி நின்று, பூட்டியதும் சட்டென்று நின்றால் அது சாதாரண வகை. சாதாரண வகையில் தண்ணீர் வெளிச்சுவர் வரை வந்து நிற்கும். உறையாத வகை என்ற பெயரை நம்பி ஹோஸை அப்படியே விட்டவர்கள் வீட்டில்தான் நான் அதிகம் சேதம் பார்த்திருக்கிறேன்.

திறந்தால் தண்ணீர் வரவே இல்லை

முதலில் உள் வால்வைப் போய்ப் பாருங்கள். போன அக்டோபரில் யாராவது பூட்டியிருப்பார்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும். நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி என்றால், குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் பூட்டியிருக்கிறது. பூட்டியிருப்பது இப்போது உறைபனிக் காலத்தில் தெரிந்தால் அப்படியே விடுங்கள், அது சரியான நிலை.

வால்வு திறந்திருக்கிறது, வெளியே மைனஸ் 15, ஒரு சொட்டும் இல்லை என்றால் உறைந்துவிட்டது. இப்போது வீட்டுக்குள் மற்றப் பைப்புகளைத் திறந்துபாருங்கள்.

*மற்றவை எல்லாம் வருகின்றன:* வெளிப் பைப்புக்குப் போகிற கிளை மட்டும்தான் உறைந்திருக்கிறது. உள் வால்வைப் பூட்டுங்கள். ஹோஸ் இருந்தால் கழற்றுங்கள். வெளிப் பைப்பைத் திறந்தபடியே விடுங்கள். பனிக்கட்டிக்கும் பூட்டிய வாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர்தான் குழாயைப் பிளக்கும், வாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் போக வழி கிடைக்கும். ஜனவரியில் வெளியே தண்ணீர் அவசியமில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, குளிர் விட்டதும் சோதித்துக்கொள்ளலாம். என் யோசனை அதுதான்.

உருக்கியே ஆக வேண்டும் என்றால் தலைமயிர் உலர்த்துகிற ட்ரையர் போதும். வாய்ப் பக்கம் தொடங்கி மெதுவாகச் சுவரை நோக்கிப் போங்கள், உருகிய தண்ணீர் வெளியே வர வழி இருக்க வேண்டும். துணியைச் சுற்றிச் சூடான தண்ணீர் ஊற்றுவதும் சரிதான், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். தீச்சுவாலை வருகிற டோர்ச்சைக் கொண்டுபோகாதீர்கள். சுவருக்குள் மரமும் காப்புப் பஞ்சும் இருக்கின்றன, பைப்பை உருக்கப்போய் வீடு எரிந்த கதை இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் நடப்பதுதான். உருகிய பிறகு ஒருவர் உள்ளே சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர் உள் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஏனென்றால் உறைந்த குழாய் ஏற்கெனவே பிளந்திருக்கலாம், அதுவரை அந்தப் பனிக்கட்டிதான் அடைப்பாக இருந்திருக்கும்.

*சமையலறையிலும் குளியலறையிலும் கூட வரவில்லை:* வெளிப் பைப்பை விட்டுவிடுங்கள். உறைந்தது வீட்டுக்கு வருகிற பெரிய குழாயாக இருக்கலாம். மெயின் வால்வைப் பூட்டிவிட்டு உதவி கேளுங்கள். ரொறன்ரோ நகருக்குள் என்றால் நகராட்சியின் 311 என்ற எண்ணுக்குப் போன் எடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மற்ற ஊர்களில் உங்கள் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவு.

பூட்டிய பிறகும் சொட்டுகிறது

உறையாத வகை என்றால் பூட்டிய பிறகு சில விநாடி வடிவது பழுது இல்லை. குழாய்க்குள் நின்ற தண்ணீர் வெளியேறுகிறது, அது அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். இதைப் பழுது என்று நினைத்து முழுப் பலத்தோடு இறுக்குபவர்கள் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரை நசுக்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் உண்மையிலேயே சொட்டத் தொடங்கும். நின்ற இடத்தில் விடுங்கள், மேலும் இறுக்க வேண்டாம்.

ஐந்து நிமிஷம் கழித்தும் சொட்டுகிறது என்றால் வாஷர் தேய்ந்துவிட்டது. உள் வால்வைப் பூட்டி, கைப்பிடித் திருகைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கிற நட்டைத் தளர்த்தினால் நீளமான தண்டு வெளியே வரும். அதன் நுனியில்தான் வாஷர். தண்டையே கடைக்கு எடுத்துப்போங்கள், கண்ணால் பார்த்து வாங்கினால் அளவு மாறிவிடும். சில டாலரில் முடிகிற வேலை. தண்டு வெளியே வராமல் பைப் முழுவதும் சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்துங்கள், சுவருக்குள் இணைப்பு முறிந்துவிடும். ஒரு குறடால் பைப்பின் உடலைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். அதற்கும் வராவிட்டால் பிளம்பர்.

சொட்டுகிற பைப்பைக் குளிர்காலத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு சொட்டும் வாயில் உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி அடைத்துக்கொண்டே போகும். நவம்பரில் வாயில் பனிக்கோல் தொங்கினால் அன்றைக்கே உள் வால்வைப் பூட்டுங்கள்.

கைப்பிடியைச் சுற்றியோ தலைப்பக்கமோ தண்ணீர் வருகிறது

கைப்பிடியின் அடியில் கசிகிறதா? அங்கே இருக்கிற நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் இன்னொரு கால் சுற்று. அதற்குமேல் போனால் கைப்பிடி திரும்பாது. அப்போதும் நிற்காவிட்டால் நட்டுக்குள் இருக்கிற திணிப்பை மாற்ற வேண்டும், அதுவும் மலிவுதான்.

பைப்பின் உச்சியில் பிளாஸ்டிக் மூடி போட்ட பாகத்திலிருந்தோ, ஹோஸ் பூட்டுகிற வாயில் முறுக்கிய பித்தளை வளையத்திலிருந்தோ தண்ணீர் தெறிக்கிறதா? அதன் பெயர் வக்யூம் பிரேக்கர். ஹோஸில் நிற்கிற அழுக்குத் தண்ணீர் நாம் குடிக்கிற தண்ணீருக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கிற பாகம். குளிரில் முதலில் வெடிப்பது இதுதான், ஏனென்றால் ஹோஸைக் கழற்றிய பிறகும் இதற்குள் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றுகொள்ளும். புதியது வாங்கிப் போடுங்கள், ஆனால் தொல்லை என்று ஒரேயடியாகக் கழற்றி எறிய வேண்டாம். வாயில் முறுக்குகிற வகையில் நடுவில் ஒரு சின்ன ஊசி இருந்தால், அக்டோபரில் அதை விரலால் அழுத்தி உள்ளே நிற்பதை வடித்துவிடுங்கள்.

திறந்ததும் வேகம் குறைவு, அல்லது பேஸ்மென்ட் சீலிங் நனைகிறது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மே மாதம். அக்கா வீட்டில் மிளகாய், கத்தரிக் கன்றெல்லாம் நட்டு முடித்து ஹோஸைத் திறந்துவிட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் கழித்து எனக்குப் போன். “தம்பி, கீழ இருக்கிற பொடியன் வந்து சொல்றான், படிக்குக் கீழ வச்ச அரிசி மூட்டை நனைஞ்சு போச்சுதாம். மழையும் இல்லை, கெதியா வா.” போய் சீலிங்கைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது. ஒரு சதுர அடி வெட்டி எடுத்ததும் தெரிந்தது: செம்புக் குழாயில், சுவருக்கு ஒரு சாண் உள்ளே, என் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் மலர்ந்து, மீன் வாய் திறந்தது மாதிரி. பைப்பைப் பூட்டினால் அதில் ஒரு சொட்டு வராது. திறந்தால் விசிறியடிக்கும். அதனால்தான் ஜனவரியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை.

அக்கா வீட்டுப் பைப் உறையாத வகை. அக்டோபரில் ஒழுங்காக ஹோஸைக் கழற்றியும் இருக்கிறார்கள். ஆனால் நவம்பர் கடைசியில் திடீரென்று 12 பாகை வெயில் வந்த ஒரு நாள், கார் கழுவ ஹோஸை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். நுனியில் துப்பாக்கி மாதிரி இருக்கிற நொசில், அது மூடியபடி. ஹோஸ் நிறைந்து நின்றதால் பைப்பின் வயிற்றுக்குள் இருந்த தண்ணீர் வடிய வழியில்லை. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், செம்பு அதற்கு இடம் கொடுக்காது. நவம்பரில் மறுபடி திறப்பது நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி வருகிற காரணம். திறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. திறந்தால் அன்றைக்கே ஹோஸை மறுபடி கழற்றி, உள் வால்வைப் பூட்ட வேண்டும்.

உங்கள் பைப் பிளந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேஸ்மென்டில், ஒரு கை உள் வால்வில், மறு கையில் டோர்ச் லைட். மற்றவர் வெளியே. ஹோஸ் இல்லாமல் பைப்பைத் திறந்து, கட்டை விரலால் வாயை அழுத்தி மூடுங்கள். நல்ல பைப்பில் தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு பீறிடும். விரலால் எளிதாக நிறுத்த முடிகிறது என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது, சுவருக்குள் பிளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே நிற்பவருக்கு உஸ் என்ற சத்தம் கேட்கும். பிளவு சின்னது என்றால் விரல் சோதனையில் பிடிபடாது. அப்போது மூடிய நொசிலோடு ஹோஸை மாட்டி ஒரு நிமிஷம் அழுத்தம் ஏறவிட்டு, சீலிங்கைக் கையால் தடவிப் பாருங்கள்.

சாதாரண வகைப் பைப்பில் பிளவு பூட்டிய நிலையிலும் ஒழுகும். வீட்டில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள். யாரும் தண்ணீர் எடுக்காதபோது மீட்டர் ஓடினால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பிறகு வெளிப் பைப்பின் உள் வால்வைப் பூட்டுங்கள். மீட்டர் நின்றால் பிளவு அந்தக் கிளையில்தான்.

பிளவு உறுதியானால் உள் வால்வு பூட்டியபடியே இருக்கட்டும், அவசரம் அத்தோடு தீர்ந்தது. மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்திலோ விளக்குக்குள்ளேயோ தண்ணீர் போயிருந்தால் ஈரத்தில் கால் வைக்காதீர்கள், முதலில் எலக்ட்ரீஷியன். நனைந்த ட்ரைவோலையும் பஞ்சையும் வெட்டி எடுத்து ஃபேன் போடுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் காயவில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கான செலவு குழாயை விடப் பெரியது. எதையும் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

பைப்பை மாற்றுவது பிளம்பர் வேலை என்றே சொல்வேன். மரச் சட்டத்துக்கு ஒட்டினாற்போல் தீச்சுவாலையால் பற்றவைக்க வேண்டியிருக்கும், புதிய பைப் பழையதன் நீளத்தில் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் பிளம்பர் தொழிலுக்கு உரிமம் கட்டாயம், வருபவரிடம் அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீலிங் திறந்திருக்கும்போதே உள் வால்வையும் நல்லதாக மாற்றி, மறுபடி அடைக்கையில் அந்த இடத்தில் கழற்றக்கூடிய சின்னக் கதவு ஒன்று வைத்துவிடச் சொல்லுங்கள்.

உள் வால்வு திரும்பவில்லை, அல்லது பூட்டியும் நிற்கவில்லை

பழைய வீடுகளில் வட்டக் கைப்பிடி வால்வு வருஷக்கணக்கில் தொடாமல் இறுகியிருக்கும். குறடு போட்டு முறுக்காதீர்கள். துரு நீக்குகிற எண்ணெயைத் தண்டில் அடித்து ஒரு இரவு விட்டு, கையால் முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் விட்டுவிடுங்கள், தண்டு முறிந்தால் முழு வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிவரும்.

திரும்புகிறது, ஆனால் பூட்டியும் தண்ணீர் கசிந்து போகிறதா? இதைக் கண்டுபிடிக்க, பூட்டிவிட்டு வெளிப் பைப்பைத் திறந்து, வால்வின் பக்கத்தில் இருக்கிற சின்ன மூடியை வாளி பிடித்துக் கழற்றுங்கள். முதலில் கொஞ்சம் வடியும். பத்து நிமிஷம் கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால் வால்வு பிடிக்கவில்லை. பூட்டியாயிற்று என்று நிம்மதியாக இருப்போம், குழாய் மெல்ல மெல்ல மறுபடி நிறையும். இந்த வால்வை மாற்ற மெயினைப் பூட்ட வேண்டும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் வீதியோரத்தில் இருக்கிற வால்வை நகராட்சி ஆட்கள்தான் வந்து பூட்ட வேண்டும், நாம் தொடக்கூடாது. அக்டோபரிலேயே இதைச் செய்துவிடுங்கள், ஜனவரியில் பிளம்பருக்கு வரிசை நீளம்.

வால்வு வாடகைக்கு விட்ட பேஸ்மென்டுக்குள் இருந்தால் இன்னொன்று: ஒன்ராறியோவில் பராமரிப்பு வேலைக்கு உள்ளே போக 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தண்ணீர் பீறிடுகிற மாதிரி அவசரம் என்றால் அறிவிப்பு வேண்டியதில்லை. கீழே இருப்பவர்களுக்கே வால்வைக் காட்டிக்கொடுங்கள். அவசரத்தில் முதலில் அங்கே நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வொரு வருஷமும் அதே பைப் உறைகிறது

ஹோஸைக் கழற்றியும் வால்வைப் பூட்டியும் இதே நடந்தால் பைப் பொருத்திய விதத்தில் குறை. முதலில் சரிவு. ஒரு சின்ன மட்டப்பலகையைப் பைப்பின் மேல் வையுங்கள். உட்பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் ஒருபோதும் முழுவதும் வடியாது.

அடுத்தது காற்று. பைப் சுவரில் நுழைகிற இடத்தில் விரல் போகிற இடைவெளி இருந்தால் அந்த வழியாகக் குளிர் நேரே குழாயில் அடிக்கும். வெளிப்பக்கம் சிலிக்கோன், உட்பக்கம் ஸ்ப்ரே ஃபோம், அவ்வளவுதான்.

மூன்றாவதை நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். பேஸ்மென்டை முடிக்கும்போது குழாய்க்கும் அறைக்கும் நடுவில் பஞ்சை அடைத்துவிடுகிறார்கள். அப்போது அறையின் சூடு குழாய்க்கு எட்டாது, குழாய் குளிர்ப் பக்கத்தில் தனியே நிற்கும். பஞ்சு குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும், அறைப் பக்கம் திறந்திருக்க வேண்டும்.

கராஜுக்குள் போகிற பைப் எல்லாவற்றையும் விட மோசம். சூடில்லாத கராஜில் உறையாத வகை போட்டாலும் அதன் நுனியும் குளிரில்தானே இருக்கிறது. சூடான பக்கத்தில் வால்வைப் பூட்டி முழுக் குழாயையும் வடிப்பதுதான் ஒரே வழி. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற நிலத்தடிக் குழாய் இருந்தால், அதைக் காற்றழுத்தத்தால் ஊதி வெளியேற்ற அந்த வேலை செய்கிறவர்களையே கூப்பிடுங்கள்.

வெளியே மாட்டுகிற நுரை மூடி நல்லதுதான், கொஞ்சம் நேரம் தாக்குப் பிடிக்கும். வால்வைப் பூட்டாமல் அதை மட்டும் மாட்டினால் ஜனவரி இரவைத் தாங்காது.

இப்போது ஒரு பழுதும் இல்லை, குளிர் வரப்போகிறது

அக்டோபரில் வருகிற தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் செய்தால் நேரத்துக்குச் செய்ததாக இருக்கும். எப்படியும் அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீனுக்கு முன். ஹோஸைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள். உள் வால்வைப் பூட்டுங்கள். வெளிப் பைப்பை முழுவதும் திறங்கள். அப்புறம் உள்ளே வந்து, வாளி பிடித்து அந்தச் சின்ன மூடியைத் தளர்த்துங்கள். அங்கே காற்றுப் போனதும் வெளியே மிச்சத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். நின்றதும் மூடியை இறுக்கிவிட்டு, சாதாரண வகை என்றால் வெளிப் பைப்பைத் திறந்தபடியே விடுங்கள். வீட்டின் முன், பின், கராஜ் என்று எத்தனை பைப் இருக்கிறதோ அத்தனைக்கும் இதே. பின்பக்கத்துப் பைப்பைத்தான் மறப்பார்கள்.

டிசம்பரில் யாழ்ப்பாணமோ சென்னையோ போகிறவர்கள் போகிற அன்று மெயினையே பூட்டிவிட்டு, எல்லாப் பைப்பையும் திறந்து வடித்துவிடுங்கள். சூட்டை அணைக்காதீர்கள். குளிர்காலத்தில் சில நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லாமல், தண்ணீரும் பூட்டாமல், யாரும் வந்து பார்க்காமல் இருந்தால் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பல இன்சூரன்ஸ் பாலிசிகள் பணம் தராது. எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், பயணச்சீட்டு எடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் திறப்பை (சாவியை) நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, அவர் வருகிற நாட்களைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.